ஈஸ்டர் முட்டைக்குச் சாயம்: அடுக்களைக் கேள்விகள்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்கள் முடியப்போகின்றன. பிள்ளைகளோடு முட்டைக்கு நிறம் ஏற்றுவது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு, கைப்பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, கலர் பொடி வாங்காமல் நிறம் வருமா? (டோனாவூர்)

நன்றாக வரும். முதல் மார்க் பல்லாரிச் சருகுக்குத்தான், அதாவது பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோலுக்கு. பத்துப் பன்னிரண்டு பல்லாரியின் சருகை 4 டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஆறியதும் 4 மேசைக்கரண்டி வினிகர் ஊற்றி, அவித்த முட்டையை மூழ்கவிடுங்கள். அரை மணியில் ஆரஞ்சு. ராத்திரி முழுக்க பிரிட்ஜில் கிடந்தால் செங்கல் நிறம். சருகு போதாதா? முந்தின நாளே பிரியாணிக் கடையில் ஒரு பையைக் கொடுத்து வையுங்கள். தூக்கிப் போடுவதைக் கேட்டால் சிரித்துக்கொண்டே தருவார்கள்.

மஞ்சள் தூளும் நல்லதுதான். ஊதா முட்டைக்கோஸ் வெந்த தண்ணீரில் முட்டை நீலமாக வரும், பிள்ளைகளுக்கு அதுதான் வேடிக்கை. பீட்ரூட்டை மட்டும் நம்பாதீர்கள். சட்டியில் ரத்தச் சிவப்பாக ஆசை காட்டிவிட்டு, காய்ந்ததும் அழுக்குப் பழுப்பாகிவிடும்.

வினிகர் கட்டாயமா? (முக்கூடல்)

ஓடு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. புளிப்பு பட்டால் மேல்பரப்பு லேசாக அரிக்கும், சாயம் பிடிக்கும். எலுமிச்சைச் சாறும் ஆகும். கூடிப்போனால் ஓடு சொரசொரப்பாகிவிடும்.

நாட்டுக்கோழி முட்டை ஆகாதா?

பல்லாரிச் சாயத்துக்கு ஆகும். மஞ்சளும் நீலமும் அந்தப் பழுப்பு ஓட்டில் எடுபடாது. கடையில் விற்கும் நாமக்கல் வெள்ளை முட்டையே போதும்.

பெரியம்மா, பூ டிசைன் போட முடியுமா? எனக்குப் பத்து வயது. (வள்ளியூர்)

முடியும் கண்ணு. கொத்தமல்லி இலையைத் தண்ணீரில் நனைத்து முட்டையில் ஒட்டு. பழைய மெல்லிய துணியால் இறுக்கிச் சுற்றி நூலால் கட்டிச் சாயத்தில் போடு. காய்ந்தபின் பிரித்தால் இலை இருந்த இடம் வெள்ளையாக இருக்கும். மெழுகுவர்த்தியால் பெயர் எழுதியும் முக்கலாம். அம்மாவைக் கூட வைத்துக்கொள், கொதிக்கிற சட்டி பக்கம் போகாதே.

விடியற்கால ஆராதனைக்குப் பிறகு எல்லாருக்கும் கொடுக்கலாமா? (பாளையங்கோட்டை)

பிரிட்ஜிலிருந்து நேராக எடுத்துப் போனால் கொடுக்கலாம். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த அவித்த முட்டையைச் சாப்பிடக் கூடாது. ஒளித்துவைத்துத் தேடும் விளையாட்டுக்குத் தனியாக நாலைந்து முட்டை வையுங்கள். எப்படியும் ஒன்று செடிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, மூன்றாம் நாள் நாற்றம் காட்டிக்கொடுக்கும்.