கராச் கேள்வி–பதில்: கொட்டிலில் கிடக்கும் மூன்று சில்லுக் கார்

கேள்வி: பக்கத்து வீட்டு ஆச்சியின் கொட்டிலில் 1954ஆம் ஆண்டு பாண்ட் மினிகார், மார்க் சி, பல காலமாகக் கிடக்கிறது. அவருடைய கணவர் ஓட்டியதாம். 1,200 பவுணுக்குத் தருகிறேன் என்கிறார். எஞ்சின் இறுகவில்லை, கையால் சுற்றினால் சுற்றுகிறது. அந்த நம்பிக்கையில் வாங்கலாமா? மோட்டார் சைக்கிள் வேலை ஓரளவு தெரியும், கார் வேலை தெரியாது. மனைவி வேண்டாம் என்கிறார்.
– ப. ர., பிளாக்பேர்ன்

பதில்: தம்பி, எஞ்சின் சுற்றுகிறது என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம். இந்தக் காரில் எஞ்சின்தான் கவலை குறைந்த பகுதி. அது 197 சிசி வில்லியர்ஸ், ஒற்றைச் சிலிண்டர், இரு வீச்சு (டூ ஸ்ட்ரோக்). அந்தக் காலத்தில் பிரித்தானியாவின் எத்தனையோ மோட்டார் சைக்கிள்களில் இருந்ததும் இதுதான். பிஸ்டன் ரிங், காஸ்கெட், கண்டென்சர் எல்லாம் இன்றும் வாங்கலாம். உங்களுக்குத் தெரிந்த வேலையும் அதுவே.

பார்க்க வேண்டியது உடலை. லோரி பாண்ட் வடிவமைத்து, உங்களுக்குப் பக்கத்தில் பிரெஸ்டனில் 1949 முதல் ஷார்ப்ஸ் கொமர்ஷியல்ஸ் செய்த இந்தக் காருக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது. அலுமினியத் தகடுதான் பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே அதில் ஓட்டை என்றால் அழகுக் குறை அல்ல, முதுகெலும்பு முறிவு. எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொள்ளும் இடங்களில் ஈரம் இறங்கினால் எஃகு கறள் பிடிக்கும், அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். ஒரு டோர்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பழைய சாக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போய்க் காரின் கீழே படுங்கள். எஞ்சினையும் முன்சில்லையும் தாங்கும் முன்சுவரைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். ஆச்சி பார்த்துக்கொண்டு நின்றாலும் வெட்கப்படாதீர்கள். அங்கே உறுதியாக இருந்தால் கதவு நசுங்கியிருப்பதும் கண்ணாடி இல்லாததும் பெரிய விஷயம் இல்லை. அங்கே மாவாக இருந்தால் இலவசமாகத் தந்தாலும் யோசியுங்கள். அலுமினியம் ஒட்டத் தெரிந்த நல்ல தொழிலாளியின் மணித்தியாலக் கூலி காரின் விலையை விரைவில் தாண்டிவிடும்.

அடுத்தது காகிதம். பழைய லொக் புத்தகம் (வாகனப் பதிவுப் புத்தகம்), வரிவட்டம் (வரி கட்டியதைக் காட்டும் வட்ட அட்டை), அந்தக் கால ஒளிப்படம், எது இருந்தாலும் காரோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். காரின் பதிவு இலக்கம் டிவிஎல்ஏ (பிரித்தானிய வாகனப் பதிவு அலுவலகம்) கணினியில் இல்லாவிட்டால், அந்தப் பழைய இலக்கத்தையே மீட்க வி765 படிவம் அனுப்ப வேண்டிவரும். அதற்கு ஆதாரமும் ஒரு வாகனச் சங்கத்தின் ஒப்புதலும் வேண்டும். பாண்ட் உரிமையாளர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. வாங்க முன்னரே அவர்களோடு பேசுங்கள், உதிரிப்பாக விசாரணையும் அங்கேயே முடியும். 40 வயது தாண்டிய வாகனத்துக்கு வரி பூச்சியம், ஆனாலும் ஆண்டுதோறும் பதிய வேண்டும். கடந்த 30 ஆண்டுக்குள் பெரிய மாற்றம் செய்யாவிட்டால், வீதியில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் எம்ஓடி பரிசோதனையும் கட்டாயம் இல்லை. நானாக இருந்தால் காசு கட்டிப் பரிசோதிப்பேன். உங்கள் பிரேக் வேலையை உங்கள் கண்ணே பார்த்துச் சரி சொல்வது போதாது.

வாங்கிவிட்டால்? முதல் கிழமையே எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டிகளில் போடாதீர்கள். "வேலை பாதியில், பாகங்கள் பெட்டியில்" என்று விற்பனைக்கு வரும் கார்களெல்லாம் அப்படித் தொடங்கியவைதான். ஒரு மூலையைக் கழற்றுங்கள், படம் எடுங்கள், முடித்துப் பூட்டுங்கள், அப்புறம் அடுத்தது. பிரேக், சில்லுப் பேரிங், பின்பக்கத் தொங்கலில் உள்ள ரப்பர், வயர், இந்த வரிசையில் போகலாம். பெயின்ட் கடைசியில். எஞ்சினை எழுப்ப முன்னர் பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் ஒயில் விட்டு ஊற விடுங்கள். பிளக்குக்குத் தீப்பொறி தரும் மக்னீற்றோவின் பொயின்ற்களைத் துடைத்து, கண்டென்சரை யோசிக்காமல் மாற்றுங்கள். கிராங்க் சீல் (எஞ்சின் அச்சைச் சுற்றியுள்ள அடைப்பு) காய்ந்திருந்தால் காற்றை உறிஞ்சி எஞ்சின் பேய்போலக் கத்தும், அதையும் மாற்றுங்கள். பெற்றோலில் ஒயில் கலக்க வேண்டும். அந்தக் காலக் கணக்கு, 16 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு ஒயில், அல்லது 20க்கு 1. 2021 முதல் பம்பில் சாதாரணமாகக் கிடைக்கும் இ10 (10 வீதம் வரை எதனோல் கலந்த பெற்றோல்) பழைய ரப்பருக்கு ஆகாது, எதனோல் குறைந்த இ5 அடியுங்கள், ரப்பர்க் குழாயையும் புதிதாகப் போடுங்கள்.

மனைவி வேண்டாம் என்பது காரையா, அது வந்து நிற்கப்போகும் இடத்தையா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவதுதான் என்று என் ஊகம்.

கேள்வி: இந்தப் பழைய மூன்று சில்லுக் கார்களில் றிவேர்ஸ் கியர் இல்லையாமே! எப்படித் திருப்பினார்கள்?
– ச. கௌ., லெஸ்டர்

பதில்: மார்க் சியில் எஞ்சினும் முன்சில்லும் ஒன்றாகவே திரும்பும், இரு பக்கமும் ஏறத்தாழ 90 பாகை. கார் தன் நீளத்துக்குள்ளேயே சுற்றிவிடும், றிவேர்ஸின் தேவையே குறைவு. சுவரோடு முட்ட நிறுத்தினால் மட்டும் இறங்கித் தள்ள வேண்டும், பாரம் குறைந்த கார்தானே. சட்டமும் ஒரு காரணம். 8 ஹண்ட்ரட்வெயிட்டுக்குள், அதாவது ஏறத்தாழ 406 கிலோவுக்குள், இருந்தால் அந்தக் காலத்தில் மூன்று சில்லுக் காரை மோட்டார் சைக்கிள் லைசன்ஸில் ஓட்ட முடிந்தது, ஆனால் 1963 வரை றிவேர்ஸ் இருக்கக்கூடாது என்பது விதி. பின்னால் வந்த பாண்ட்களில் ஒரு வேடிக்கை: எஞ்சினை நிறுத்தி, எதிர்த்திசையில் ஸ்டார்ட் செய்வார்கள், கார் பின்னால் போகும். இரு வீச்சு எஞ்சினுக்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான்.

கேள்வி: மெசர்ஸ்மிட் கேஆர்200 என்ற பழைய மூன்று சில்லுக் கார் ஒன்று திருத்துகிறேன். ரயர் எங்கே தேடுவது?
– நா. சி., ஹரோ

பதில்: அதன் ரயர் அளவு 4.00-8. ஊரில் ஓடும் பஜாஜ் ஆட்டோவின் அளவுதான், கஷ்டப்பட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் வண்டி 90 கிலோமீற்றர் வேகம் போகும், ஆட்டோவுக்கென்று செய்த எல்லா ரயரும் அதற்கு ஏற்றதல்ல. பக்கச் சுவரில் உள்ள வேகக் குறியீட்டையும் பாரக் குறியீட்டையும் பார்த்து வாங்குங்கள். அங்கேயே DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் ரயர் செய்த காலத்தைச் சொல்லும்: முதல் இரண்டு கிழமை, அடுத்த இரண்டு ஆண்டு. கடையில் பத்து வருடம் கிடந்த ரயரைப் "புதியது" என்று விற்க வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.