கோடிங் தெரியாமல் அலுவலகக் கேள்விகளுக்கு ஏஐ உதவியாளரை உருவாக்க முடியுமா?

கேட்டவர் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறார். லீவு, பயணப்படி, மகப்பேறு விடுப்பு என்று ஊழியர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்குப் பதில் சொல்ல ஒன்று வேண்டுமாம்.

தாராளமாக முடியும். கருவியை அமைக்க அரை மணி நேரம் போதும். கோப்புகளைச் சரிசெய்வதில்தான் நாள்கணக்கில் போகும்.

முதல் முயற்சிக்கு, நாம் ஏற்றும் ஆவணங்களை வைத்துப் பதில் சொல்லும் கூகுளின் நோட்புக்எல்எம் நல்லது. இலவசக் கணக்கிலேயே ஒரு நோட்புக்கில் 50 ஆவணங்கள் ஏற்றலாம். எந்தப் பத்தியிலிருந்து பதிலை எடுத்தது என்றும் காட்டும். சாட்ஜிபிடியில் நம் தேவைக்கு அமைத்துக்கொள்ளும் கஸ்டம் ஜிபிடியில் 20 கோப்புகள்தான். அதை எடுத்தால் இணையத் தேடலை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஊர்ப்பட்ட கம்பெனிகளின் விதியை உங்கள் விதியோடு கலந்து சொல்லும். எதுவானாலும் ஐடி பிரிவின் அனுமதி இல்லாமல் ஏற்றாதீர்கள். சம்பளப் பட்டியல், ஆதார், பான் விவரம் உள்ள எதையும் அனுமதி இருந்தாலும் ஏற்றாதீர்கள். பேசிப் பேசியே கோப்பில் உள்ளதைக் கறந்துவிடலாம்.

இனி கோப்புகள். பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எதுவுமே தேர்வாகவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். ஓசிஆர் செய்ய வேண்டும், அதாவது படத்திலுள்ள எழுத்துகளை மென்பொருளால் உரையாக மாற்ற வேண்டும். தமிழ் வரி ஆங்கில எழுத்துக் குப்பையாக விழுந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துரு. யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றிப் பயனில்லை. கட்டங்களை இணைத்துப் போட்ட லீவு அட்டவணைகளும் தொல்லைதான், எந்த எண் எந்த கிரேடுக்கு என்பது குழம்பிவிடும். ‘கிரேடு 3 ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் கேஷுவல் லீவு’ என்று ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாக எழுதிவிடுங்கள்.

பழைய சுற்றறிக்கைகளை எடுத்துவிடுங்கள். மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தத்துக்கு முந்தைய கையேட்டில் மகப்பேறு விடுப்பு 12 வாரம், பிந்தையதில் 26. இரண்டும் இருந்தால் எது சிக்குகிறதோ அதைச் சொல்லும். பழையதை நீக்கினாலும் முழுதாகத் தீராது: ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருப்பவருக்கு 12 வாரம்தான். இந்த விலக்கு நாலு பக்கம் தள்ளி அடிக்குறிப்பில் இருந்தால் தவறவிடும். காரணம், இந்தக் கருவிகள் பெரும்பாலும் கோப்பைத் துண்டு துண்டாக வெட்டி வைத்து, கேள்விக்கு நெருக்கமான சில துண்டுகளை மட்டுமே எடுத்துப் படிக்கின்றன. விதியையும் விலக்கையும் ஒரே பத்தியில் கொண்டுவாருங்கள்.

எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று உதவியாளரின் அமைப்பில் எழுதும் கட்டளைக்கு இவ்வளவு போதும்: ‘இணைத்த ஆவணங்களில் உள்ளதை மட்டும் சொல். ஆவணத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் குறிப்பிடு. அதில் இல்லாவிட்டால், ஹெச்.ஆரைக் கேட்கச் சொல். தனிநபரின் லீவு இருப்பைக் கணக்கிடாதே.’ கடைசி வரி அவசியம். ‘எனக்கு எவ்ளோ லீவு பாக்கி?’ என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. அந்தக் கணக்கு வருகைப் பதிவு மென்பொருளில் இருக்கிறது, இதனிடம் இல்லை.

ஊழியர்களுக்குத் திறந்துவிடும் முன், வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் உண்மையில் வந்த கேள்விகளில் ஒரு 30 எடுத்து, எழுத்துப்பிழையும் தங்கிலீஷுமாக அப்படியே கேட்டுப் பாருங்கள். கோப்பில் பதிலே இல்லாத ஐந்தாறு கேள்விகளையும் சேருங்கள். அளந்துவிடுகிறதா என்பது அங்கேதான் தெரியும். தவறு வந்தால் கட்டளையில் வரி வரியாகச் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். அது காட்டும் பத்தியைத் திறந்து திருத்துங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். திருத்திய பிடிஎஃப்பை மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்கெனவே ஏற்றிய நகல் தானாக மாறாது.