"சீ" என்று யார் சொல்லிக்கொடுத்தது?

அன்புள்ள அக்கா,

மகளுக்கு நாலு வயது. முன்பள்ளியில் ஐம்புலன்கள் படிப்பிக்கிறார்கள், வீட்டிலும் ஏதாவது செய்யச் சொன்னார்கள். ஸ்ட்ரோபெரி, வனிலா என்று வாசனைப் போத்தல்கள் வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டில் கருவாடும் கூனியும் இருக்கிறது, மகள் முகம் சுளிப்பாள் என்று எடுக்கவில்லை. எந்தப் புலனில் தொடங்குவது? நாக்கின் எந்த இடத்தில் எந்தச் சுவை என்று காட்டும் படத்தை ஒட்டலாமா? கண்ணைக் கட்டினால் அழுகிறாள், என்ன செய்வது?

ஒரு தாய், உப்புவெளி

அன்புள்ள தங்கச்சி,

பிள்ளை வளர்ப்புக் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. உங்கள் கருவாட்டு வரிதான் விடவில்லை. நம் பிள்ளைகளின் மூக்கை நாமே எப்படிக் கெடுக்கிறோம் என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

எந்தப் புலனில் தொடங்கினாலும் சரி. நாக்குப் படத்தைக் கிழித்துப் போடுங்கள், அது பிழை. 1901இல் ஒரு ஜெர்மன் ஆய்வாளர் கண்ட மிகச் சிறிய வித்தியாசங்களைப் பின்னால் வந்தவர்கள் ஊதிப் பெருக்கியதுதான் அது. 'இனிப்புக்கு' என்று படம் சொல்லும் நுனிநாக்கில் ஒரு துளி தேசிக்காய்ப் புளி விடுங்கள், மிச்சத்தை அவளே சொல்வாள். தொடுகைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பக்கத்தில்தானே, ஏழு கிணற்றுக்கும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வேறு, கூட்டிப்போங்கள்.

இனிக் கருவாடு. மகள் முகம் சுளிப்பாள் என்று எழுதியிருக்கிறீர்கள், சுளித்தாள் என்று எழுதவில்லை. சுளித்தது நீங்கள். தவழும் பிள்ளை தன் பீயையே அளைந்து விளையாடும், அருவருப்பில் பெரும்பங்கு பிறகு நம் முகத்தைப் பார்த்துப் பழகுவது. நீங்கள் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது சாப்பிட்ட உள்ளியின் வாசம் பனிக்குட நீர்வரை போயிருக்கும், தாய்ப்பாலிலும் வந்திருக்கும், ஆய்வுகளில் கண்டதுதான். பிறக்குமுன்பே உங்கள் குசினியை மோந்து பார்த்த பிள்ளைக்கு ஸ்ட்ரோபெரிப் போத்தல்! உப்புவெளியில் எந்த வளவில் தங்கச்சி ஸ்ட்ரோபெரி காய்க்கிறது?

என் அம்மம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் இரண்டு கண்ணிலும் வெண்புரை. மீன் வந்தால் செவுளைத் தூக்கி மூக்கருகே பிடிப்பார், "நேற்றையது, கொண்டுபோய்க் குடு" என்பார், மாமா முழுக்கண்ணால் பார்த்து வாங்கி வந்த மீன் அது. திருகோணமலை டச் பே கடற்கரையில் பாசி ஒதுங்கினால் விறாந்தையில் இருந்தபடியே சொல்வார். நாங்களோ பள்ளிக்கூடத்தில் வேறு பாடம் படித்தோம். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளைக் கடைசி வாங்கில் இருத்துவார்கள், "வாடை" என்பார்கள், நாங்களும் மூக்கைப் பொத்திச் சிரிப்போம். அந்தப் பிள்ளைகளுக்கு எதற்காகச் சிரிக்கிறோம் என்றே விளங்காது, ஏனென்றால் ஒரே வாசத்துக்குள் இருந்தால் மூக்கு கொஞ்ச நேரத்தில் அதைக் கணக்கெடுப்பதை விட்டுவிடும், அவர்கள் வீட்டு வாசம் அவர்களுக்குத் தெரியாது, எங்கள் வீட்டுச் சாம்பிராணி எங்களுக்குத் தெரியாதது போலவே. வாங்கில் யாரை எங்கே இருத்துவது என்பதை மட்டும் யாரோ முடிவு செய்திருந்தார்கள். அந்த முடிவைத்தான் நீங்கள் கருவாட்டைப் பெட்டிக்குள் மூடி வைத்துக்கொண்டு நாலு வயதில் கற்றுக்கொடுக்கப் பார்க்கிறீர்கள். கோபமாக எழுதுகிறேன், தெரியும்.

போத்தல்களைத் தூர வையுங்கள். ரம்பை, கறிவேப்பிலை, கூனி, மழைக்கு நனைந்த மண், அப்பாவின் வேர்த்த சட்டை, இவை போதும். என்ன வாசம் என்று கேட்டுவிட்டு நீங்களே பதில் சொல்லாதீர்கள். ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு டொபியைச் சப்பச் சொல்லுங்கள். இனிப்பு மட்டும் தெரியும், விரலை எடுத்த பிறகுதான் மாம்பழமா தோடம்பழமா என்று பிடிபடும், அவள் சிரிப்பாள் பாருங்கள்.

கண் கட்டுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். அழுகிற பிள்ளைக்கு எதற்குக் கட்டுகிறீர்கள்? உங்கள் கண்ணைக் கட்டச் சொல்லுங்கள். குசினியில் அவளுக்கு எட்டுகிற எதையும் உங்கள் மூக்குக்குக் கொண்டுவரட்டும், நீங்கள் கண்டுபிடியுங்கள். எதற்கும் முகம் சுளித்தால் தோற்றது நீங்கள்.

அன்புடன்,
அக்கா