பேரிங் சூடாகும்வரை காத்திருக்கலாமா?

ஆலைப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

நூற்பாலையில் ஹியூமிடிஃபிகேஷன் (காற்றை ஈரப்படுத்தும்) விசிறியை 37 கிலோவாட் மோட்டார் வி-பெல்ட்டில் ஓட்டுகிறது. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கருவியான வி.எஃப்.டி.யும் உண்டு. தினமும் கையால் தொட்டுப் பார்க்கிறோம், சூடு அதிகமில்லை. மாதம் தவறாமல் கிரீஸ் அடிக்கிறோம். ஆனாலும் ஒரே வருடத்தில் இரண்டு தடவை மோட்டாரின் 6313 எண் பேரிங் போய்விட்டது. எங்கே தவறுகிறோம்? (பல்லடம் வாசகர்)

பேரிங் கெடும்போது சூடு கடைசியில்தான் வரும். முதலில் மாறுவது காதுக்கு எட்டாத அல்ட்ராசவுண்ட், அடுத்து அதிர்வு, பிறகு சத்தம். கை சுடும்போது பெரும்பாலும் பேரிங் வாங்க ஆள் அனுப்பத்தான் நேரம் இருக்கும்.

வைப்ரேஷன் மீட்டர் இருந்தால் பெல்ட் பக்கத்து பேரிங் ஹவுஸிங்கில் கிடை, செங்குத்து, ஷாஃப்ட் நீளவாட்டம் என மூன்று திசையிலும் அளவெடுங்கள். மீட்டர் முனை வைக்கும் இடத்தில் பெயின்டால் புள்ளி வையுங்கள். இன்றைக்கு ஓரிடம் நாளைக்கு ஓரிடம் என்றால் அளவுகளை ஒப்பிடவே முடியாது. உறுதியான அடித்தளத்தில் நிற்கும் இந்த அளவு மோட்டாருக்கு ஐ.எஸ்.ஓ. 20816-3 (பழைய 10816-3) தரவரையறைப்படி 2.8 மி.மீ./வினாடி வரை கவலையில்லை, 4.5-ஐத் தாண்டினால் சேதம்தான். ஆனால் பேரிங்கின் ஆரம்பச் சேதம் இந்த மி.மீ. கணக்கில் தெரியாது. மீட்டரை ஆக்சிலரேஷனுக்கு, அதாவது 'ஜி' அளவுக்கு மாற்றிப் பாருங்கள். புது பேரிங் போட்ட வாரத்தில் எடுத்த அளவைப்போல் இரண்டு மடங்கு ஆனால், சத்தமே இல்லாவிட்டாலும் காரணத்தைத் தேட வேண்டும்.

கிரீஸுக்கு வருவோம். பேரிங்கின் வெளிவிட்டம், அகலம் இரண்டையும் மி.மீ.-இல் பெருக்கி, 0.005-ஆல் பெருக்கினால் எத்தனை கிராம் என்று வரும். 6313-க்கு 140 × 33 × 0.005, சுமார் 23 கிராம். உங்கள் கிரீஸ் கன் ஓர் அழுத்துக்கு எவ்வளவு தள்ளுகிறது? காகிதத்தில் பத்து முறை அழுத்தி எடை போடுங்கள். நூல் கவுன்ட் பார்க்கும் லேப் தராசு மில்லிலேயே இருக்கிறதே! கிரீஸ் அதிகமானால் குண்டுகள் அதைக் கடைந்தே சூடாகும். மிச்சம் மோட்டாரின் வைண்டிங்குக்குள் (கம்பிச் சுருளுக்குள்) போகும். பஞ்சுத்தூசி படிந்த நிப்பிளை (கிரீஸ் ஏற்றும் முனையை) துடைக்காமல் கன்னை மாட்டினால் தூசியை நீங்களே உள்ளே ஏற்றுகிறீர்கள். பழைய கிரீஸ் வெளியேறும் டிரெயின் பிளக்கைத் திறந்து, மோட்டார் ஓடும்போது மெதுவாக அடித்து, அரைமணி நேரம் ஓடவிட்டு பிளக்கை மூடுங்கள். கம்பெனியில் போட்டது பாலியூரியா கிரீஸா என்றும் பாருங்கள். அதோடு சாதா லித்தியம் கிரீஸ் கலந்தால் பல சமயம் இளகி ஒழுகிவிடும்.

எனக்குச் சந்தேகம் வி.எஃப்.டி. மீதுதான். கழற்றிய பேரிங்கைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்; வெளிவளையத்தை அறுத்துப் பாருங்கள். குண்டு ஓடும் பாதையில் ஏணிப்படி போல் சம இடைவெளியில் கோடுகள் இருந்தால், ஷாஃப்ட் வழியாக மின்சாரம் பாய்ந்திருக்கிறது. எந்தக் கிரீஸும் அதைக் காப்பாற்றாது. மோட்டாரின் பின்பக்கம் (பெல்ட் இல்லாத பக்கம்) இன்சுலேட்டட் பேரிங்கோ, ஷாஃப்ட் எர்த்திங் பிரஷோ வேண்டும். பாதையில் ஒரு பக்கம் மட்டும் செதில் பெயர்ந்திருந்தால் பெல்ட் இழுவை அதிகம். பெல்ட் கம்பெனி சொல்லும் விசையில் அழுத்தும்போது ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 16 மி.மீ. தாழ வேண்டும். குண்டுகள் நிற்கும் இடைவெளிக்குச் சரியாகப் பள்ளங்கள் இருந்தால், பொருத்தும்போது யாரோ சுத்தியலால் அடித்திருக்கிறார்கள்.

மின்பேனலில் ஒரு கேபிள் லக் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக இணைப்பு) கருத்திருக்கிறது. இன்ஃப்ராரெட் கன் 42 டிகிரிதான் காட்டுகிறது. நம்பலாமா? (ராஜபாளையம் வாசகர்)

நம்பாதீர்கள். பளபளக்கும் செம்பையும் அலுமினியத்தையும் அந்தக் கன் பெரும்பாலும் குறைத்தே காட்டும். மின்சாரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, மூன்று லக்கிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டு ஒட்டி, லோடு ஏறியபின் டேப்பின் மீது அளவெடுங்கள். 12:1 (தூரத்துக்கும் அளவெடுக்கும் வட்டத்துக்கும் உள்ள விகிதம்) கன்னை 120 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 10 செ.மீ. வட்டத்தின் சராசரிதான் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். கிளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸும் ஒரே ஆம்பியர் காட்டி, ஒரு லக் மட்டும் 15 டிகிரிக்கு மேல் கூடுதல் என்றால் அன்றே சரிசெய்ய வேண்டும். போல்ட்டை இறுக்கினால் மட்டும் போதாது. லக்கைக் கழற்றி முகத்தையும், கேபிளை நெருக்கிப் பிடிக்கும் கிரிம்ப்பையும் பாருங்கள். செம்புப் பஸ்பாரில் (மின்பட்டையில்) அலுமினிய கேபிள் என்றால் இரு உலோகமும் சேர்ந்த பைமெட்டல் லக் போடுங்கள்.

பம்ப் கிளாண்டில் (ஷாஃப்ட்டைச் சுற்றிப் பேக்கிங் கயிறு திணித்த இடத்தில்) தண்ணீர் சொட்டுகிறது. முழுக்க நிறுத்த வேண்டுமா? (ஈரோடு வாசகர்)

வேண்டாம். நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு விழட்டும்; பேக்கிங் கயிற்றுக்கு அதுதான் குளிர்ச்சி. அடியோடு நிறுத்தினால் கயிறு கருகி, ஷாஃப்ட் மேலுள்ள உறையான ஸ்லீவைக் கோடு போட்டுவிடும். அதன்பின் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. சொட்டு தாரையானால் இரு நட்டையும் மாற்றி மாற்றி ஆறில் ஒரு சுற்று இறுக்கி, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். இதெல்லாம் தண்ணீர் பம்ப்புக்கு மட்டும். ஆசிட் பம்ப்புக்கு இல்லை.