ஜாமினி ராய் பாணியில் பிள்ளைகளை வரைய வைப்பது எப்படி? கேள்வி பதில்

ஓவிய வகுப்பு என்றாலே வான்கோவின் நட்சத்திர இரவுதான். நீங்கள் ஏன் ஜாமினி ராயைப் பிடித்துக்கொண்டீர்கள் சார்?

வான்கோ மேல் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சுழல்களுக்கு உயிர் கொடுப்பது கெட்டியாக அப்பிய எண்ணெய் வண்ணம். கிரேயானை வைத்துச் சுற்றினால் வெறும் சுழிதான் வரும். வங்காள ஓவியர் ஜாமினி ராயிடம் இருப்பது தட்டையான வண்ணமும் தடித்த கோடும்தான், நிழல் கிடையாது. எட்டு வயதுக் கைக்கு இது எட்டும்.

இத்தனைக்கும் அவர் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் ஐரோப்பிய முறையில் படித்து, எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் வரைந்து பிழைத்தவர். 1920களில் அதை ஒதுக்கிவிட்டு, கல்கத்தாவின் காளிகாட் கோயில் பக்கம் பட்டுவாக்கள் என்ற நாட்டுப்புற ஓவியர்கள் விற்ற மலிவுப் படங்களையும், சொந்த மாவட்டமான பாங்குராவின் நாட்டுக் கலையையும் பார்த்துப் புதிதாக ஆரம்பித்தார். தெரிந்த வித்தையில் எதையெல்லாம் விடலாம் என்று பார்த்த மனிதர். பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது அதைத்தான்.

என் மகளுக்கு ஒன்பது வயது. அவருடைய தாயும் சேயும் படத்தை அப்படியே வரைந்துவிட்டாள். எல்லாரும் பாராட்டினார்கள். பார்த்து வரைவது தவறா?

ஒரு தடவை வரையட்டும், நல்லதுதான். பத்தாவது தடவையும் அதே படம் என்றால், அவளுக்குத் தெரிவது ஒரு படம் மட்டும்.

ராய் வரைந்தது யாரை? சந்தால் பழங்குடிப் பெண்கள், பசு, பூனை, கிருஷ்ணனும் பலராமனும், அப்புறம் ஏசு. பெரும்பாலும் தன் மண்ணில் பார்த்தவை, கேட்ட கதைகள். ஆக, அவர் பாணி என்றால் உங்கள் மகளும் தான் பார்த்ததை வரைய வேண்டும். பூனையிலிருந்து தொடங்குங்கள். காளிகாட் படங்களில் வாயில் இறாலைக் கவ்விய பூனை ஒன்று பிரபலம். சிலவற்றில் அதன் நெற்றியில் நாமமும் இருக்கும்: சைவம் பேசிக்கொண்டு மீன் தின்னும் போலிச் சாமியாரைக் கேலி செய்வது. ராயும் பூனையையும் இறாலையும் வரைந்திருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு, "நம்ம தெருப் பூனை வாயில என்ன இருக்கும்?" என்று கேளுங்கள். என் வகுப்பில் மத்தி மீன் வந்தது, பால் பாக்கெட் வந்தது, ஒரு பையன் பக்கத்து வீட்டு அங்கிளின் செருப்பைக் கொடுத்தான். கோடும் வண்ணமும் ராயுடையது, பூனை அவனுடையது.

கோடு நடுங்குகிறது. பென்சிலில் போட்டு அதன் மேலே இழுத்தாலும் பிசிறு பிசிறாக வருகிறது.

பென்சில்தான் வில்லன். பென்சில் கோட்டை விட்டு விலகிவிடக் கூடாது என்ற பயத்தில் கை இறுகிவிடும். ராய் ஒரு கட்டத்தில் வண்ணத்தையே குறைத்து, கறுப்புத் தூரிகைக் கோட்டை மட்டும் நம்பி வரைந்தார். அந்தக் கோடு தொடங்கும் இடத்தில் மெலிந்து, நடுவில் பருத்து, முடிவில் மறுபடி மெலியும்.

ஆறு அல்லது எட்டாம் நம்பர் உருண்டை பிரஷ், பழைய செய்தித்தாள், தண்ணீர் கலந்த கறுப்பு போஸ்டர் கலர். இவ்வளவு போதும். பிள்ளை நின்றுகொண்டு வரையட்டும். பிரஷை நடுவில் பிடித்து, விரலை ஆட்டாமல் தோளிலிருந்து கையை நகர்த்தச் சொல்லுங்கள். பாட்டி கோலத்தில் இழை இழுப்பதைப் பார்த்த பிள்ளைக்கு உடனே புரியும்: தயங்கினால் மாவு திட்டாகும், ஓடினால் கோடு வரும். முதல் வாரம் முழுக்க வளைவுகள் மட்டும் என்றாலும் பரவாயில்லை.

படத்துக்கு வரும்போது முதலில் வண்ணத்தைத் தட்டையாக நிரப்பி, நன்றாகக் காய்ந்த பிறகு கறுப்புக் கோடு போடுங்கள். ஈரத்தில் போட்டால் கசிந்து எல்லாம் பாழ்.

அவர் இயற்கை வண்ணம்தான் பயன்படுத்தினாராமே, வீட்டில் செய்யலாமா?

தாராளமாக. கல் தூள், வண்டல் மண், சுண்ணாம்பு, அவுரி நீலம், விளக்குக் கரி என்று கைக்குக் கிடைத்ததை வைத்து, ஏழெட்டு வண்ணங்களோடு நிறுத்திக்கொண்டார். பசைக்குப் புளியங்கொட்டை.

கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, இரவு ஊறவைத்து அரையுங்கள். தண்ணீர் விட்டுக் கஞ்சிப் பதத்துக்குக் காய்ச்சி வடிகட்டினால் பசை தயார். இரண்டு மூன்று நாளில் நாறும், கொஞ்சமாகச் செய்யுங்கள். சிவப்புக்கு நாட்டு மருந்துக் கடையில் காவிக்கல் வாங்கிப் பொடித்துச் சலிக்கலாம். கறுப்புக்கு, எண்ணெய் விளக்கின் மேல் எவர்சில்வர் தட்டைப் பிடித்துக் கரி எடுக்கலாம், அதைப் பெரியவர்கள் செய்யுங்கள். வெள்ளைக்குச் சாக்பீஸ் தூள். சுண்ணாம்பு வேண்டாம், கை பொத்துவிடும். மஞ்சள்தூள் அழகாக இருக்கும், ஆனால் வெயில் பட்டால் வெளுக்கும்.

சிந்தூரத்தைத் தொடவே வேண்டாம். அசல் சிந்தூரமான சாதிலிங்கத்தில் பாதரசம் உண்டு, கடைச் சிந்தூரம் சிலவற்றில் ஈயம் இருக்கும்.

இதற்கெல்லாம் நேரமில்லையா? ஐந்தே ஐந்து போஸ்டர் கலர் புட்டிகளை எடுத்து வைத்து, மற்றதை ஒளித்துவிடுங்கள். வண்ணம் குறைந்தால்தான் எதை எங்கே வைப்பது என்று யோசிப்பார்கள்.

கண் வரைந்தால் எப்போதும் கோபமாகவே இருக்கிறது.

கண்மணியை நடுவில் தனியாக மிதக்க விட்டிருப்பீர்கள். மேல் இமையை ஒட்டி வையுங்கள். கண்ணை மீன் போல நீளமாக, கிட்டத்தட்ட காது வரைக்கும் இழுங்கள்.

நாலு வயதுக்கு?

வேண்டாம். சும்மா கிறுக்கட்டும்.

பிள்ளைகள் வரைந்ததை வாழ்த்து அட்டையாக அச்சடித்துப் பள்ளி விழாவில் விற்கலாமா?

அவர் பாணியில், சொந்தக் கருவில் வரைந்தது என்றால் விற்கலாம். பாணிக்குக் காப்புரிமை கிடையாது. அவர் படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தது என்றால் பொறுங்கள். அவர் இறந்தது 1972இல். நம் சட்டப்படி அதன் பின் 60 ஆண்டு, அதாவது 2032 முடியும்வரை உரிமை இருக்கிறது.

அட்டையின் மூலையில் பிள்ளை தன் பெயரைத் தமிழில் எழுதட்டும். ராய் வங்காள எழுத்தில்தான் கையெழுத்துப் போடுவார். விலையையும் ஏற்றாதீர்கள். சாதாரண வீடுகளிலும் தன் படம் தொங்க வேண்டும் என்று குறைந்த விலைக்குக் கொடுத்தவர் அவர்.