கோல் வாசலில் கிக்கோ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: ஸ்பெயின் ஹாக்கி கோல்கீப்பர் கோர்ட்டெஸ் 38 வயதிலும் டோக்கியோ ஒலிம்பிக் அணியில் இருந்தாரே, எப்படி? (வாசகர், கோவில்பட்டி)

ப: பிரான்சிஸ்கோ கோர்ட்டெஸ், செல்லப்பெயர் கிக்கோ. 1983இல் பார்சிலோனாவில் பிறந்தவர்; கிளப், எகாரா. 2008, 2012, 2016, டோக்கியோ என நான்கு ஒலிம்பிக். பெய்ஜிங்கில் வெள்ளி, இறுதியாட்டத்தில் ஜெர்மனியிடம் 0-1 என்று தோல்வி. முன்கள வீரருக்கு முப்பது தாண்டினால் ஓட்டம் குறையும். கோல்கீப்பர் காக்க வேண்டியதோ 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம்தான். எங்கே நிற்பது என்ற கணக்கு வயதோடு கூடும். இதில் பாவப்பட்டவர் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பர் நகர்ந்தால்தான் அவருக்கு வாய்ப்பு.

கே: ஸ்பெயின் ஹாக்கி என்றதும் டெர்ரஸா என்கிறார்களே? (வாசகர், மதுரை)

ப: பார்சிலோனாவுக்குப் பக்கத்துப் பழைய நெசவாலை ஊர். எகாரா அங்கேதான் இருக்கிறது. 1992 ஒலிம்பிக் ஹாக்கி முழுவதும் அங்கே நடந்தது. ஸ்பெயின் பெண்கள் தங்கம் வென்றதும் அங்கேதான்.

கே: பெனால்டி கார்னரில் எங்கள் பள்ளி கோல்கீப்பர் கோட்டிலேயே நிற்கிறான், கோல் விழுகிறது. என்ன தவறு? (பயிற்சியாளர், தஞ்சாவூர்)

ப: பெனால்டி கார்னரில் எதிரணி பின்கோட்டிலிருந்து பந்தை உள்ளே தள்ளி, கோல் முன்னுள்ள அரைவட்டமான ‘டி’யின் முனையிலிருந்து கோலுக்கு அடிக்கும். கீப்பர் கோட்டில் நின்றால் அடிப்பவருக்கு இரு மூலையும் திறந்து தெரியும். பந்தை உள்ளே தள்ளியதும் ஓரிரு எட்டு முன்னே வரட்டும், அதற்குமேல் வேண்டாம். டிராக் ஃபிளிக், அதாவது பந்தை ஸ்டிக்கோடு இழுத்து வீசும் ஷாட், மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வந்தால், 14 மீட்டரைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. ஆகவே பந்து ஸ்டிக்கை விட்டுக் கிளம்பும் முன்பே அவன் அசையாமல் நின்றுவிட வேண்டும்: எடை முன்பாதத்தில், கைகள் கால் கவசமான பேடுக்கு வெளியே. அப்படி நிற்காததால்தான் பல கோல் போகிறது. நடந்துகொண்டே இருக்கும் கால் பக்கவாட்டில் எழும்பாது.

முதல் ஷாட் ஓங்கி அடித்ததானால் கோல் கோட்டைத் தாண்டும்போது கோலின் அடிப்பலகை உயரமான 46 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே ஸ்டிக் பின்னால் ஓங்கினால் கால், பந்தை இழுத்தால் கை என்று பழக்குங்கள். எந்தக் கம்பத்தைத் தடுப்பாளர் பார்ப்பார் என்பதை முன்பே பேசிவைக்க வேண்டும். அடிப்பவரை நோக்கி முதலில் பாயும் நம் தடுப்பாளர் கீப்பரின் கண்ணை மறைத்து ஓடினால் எல்லாம் வீண்.

டோக்கியோவில் ஸ்பெயினை இந்தியா 3-0 என்று வென்றபோது, ரூபிந்தர் பால் சிங் ஒரு கோலை பெனால்டி கார்னரில்தான் போட்டார்.

கே: தடுத்த பந்தைக் கையால் தள்ளலாமா? (வாசகி, சேலம்)

ப: ‘டி’க்குள் கையால் தடுக்கலாம், திசை திருப்பலாம், வெகுதூரம் போகும்படி ஓங்கித் தள்ளக் கூடாது. தூரமாக அனுப்பப் பாதக் கவசமான கிக்கர் இருக்கிறது. அப்போதும் நடுவில் உதைக்காமல் பக்கக் கோட்டுப் பக்கம் உதையுங்கள்.