அரசு நடத்தும் போரில் ஓட்டுப் போட்டவருக்குப் பங்கு உண்டா? – கேள்வி பதில்

கல்லூரியில் பல வருஷம் அரசியல் தத்துவம் நடத்தியவன் நான். போரைப் பற்றியும் ஓட்டைப் பற்றியும் டெல்டா ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

மன்னார்குடி, கல்லூரி மாணவி: ஐயா, நான் ஓட்டுப் போட்டது கல்விக் கடனையும் ஊர்ச் சாலையையும் நினைத்து. அந்த அரசு நாளைக்கு எங்கோ படை அனுப்பினால் அந்தச் சாவுகளுக்கு நான் எப்படிப் பொறுப்பு?

நீ குற்றவாளி இல்லை அம்மா. ஆனால் பொறுப்பு உண்டு. இரண்டும் ஒன்றல்ல. ஹிட்லரின் ஆட்சி விழுந்த கையோடு, ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் கார்ல் யாஸ்பர்ஸ் என்ற தத்துவ ஆசிரியர் இதைத்தான் ஜெர்மானிய மாணவர்களிடம் பேசினார். அவர் மனைவி யூதர். நாஜி ஆட்சியில் அவர் வேலையே பறிபோயிருந்தது. குற்றம் என்பது அதைச் செய்தவருடையது, ஒரு முழு ஜனத்தின் மேல் அதைச் சுமத்த முடியாது. ஆனால் தன் அரசு செய்ததன் விளைவைச் சுமக்கும் அரசியல் பொறுப்பு குடிமக்கள் எல்லாருக்கும் உண்டு என்றார் அவர்.

நம் குடிமராமத்தை நினைத்துப் பார். வாய்க்காலில் தூர் யாரால் சேர்ந்தது என்று விசாரித்துவிட்டா மண்வெட்டி எடுத்தார்கள்? அந்தத் தண்ணீர் உன் வயலில் பாய்ந்தால் உன் வீட்டிலிருந்தும் ஆள் போக வேண்டும், அவ்வளவுதான்.

கும்பகோணம், மளிகைக் கடைக்காரர்: என் அப்பா 1984-இல் கை சின்னத்துக்குப் போட்டார். 1987-இல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. கடைசிக் காலம் வரை அவருக்கு அது உறுத்தியது. அவர் மேல் தப்பு உண்டா?

1984 ஓட்டுக்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இந்திரா காந்தி கொல்லப்பட்ட துக்கத்தில் நடந்த தேர்தல் அது. இலங்கைக்குப் படை அனுப்பலாமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது 1987 ஜூலை 29. அக்டோபரில் நம் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மூண்டது. அந்தத் தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் சிப்பாய்கள் சுட்டதில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் செத்துப் போனார்கள். நம் பக்கமும் சுமார் 1,200 வீரர்கள் திரும்பி வரவில்லை.

நான் நிறுத்திக் கேட்பது 1989 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலைப் பற்றி. படையைத் திரும்பப் பெறும் வேலை தொடங்கியிருந்தாலும் கணிசமான படை இன்னும் அங்கேதான் இருந்தது. அங்கே என்ன நடந்தது என்று கோடியக்கரையில் நிற்பவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 38-ஐ காங்கிரஸ் – அ.தி.மு.க. கூட்டணிக்குக் கொடுத்தோம். எஞ்சிய ஒன்று நம் நாகப்பட்டினம். அங்கே இந்திய கம்யூனிஸ்ட் ஜெயித்தது. அதையும் போர் பற்றிய தீர்ப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மக்களுக்கு ஆயிரம் காரணங்கள் இருந்தன. ஆனால் அந்த ஆயிரத்தில் யாழ்ப்பாணம் எத்தனையாவது இடத்தில் இருந்தது? அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். தெரியாமல் போட்ட ஓட்டும் தெரிந்த பிறகு போட்ட ஓட்டும் ஒரே எடை அல்ல. உங்கள் அப்பாவுக்கு உறுத்தியது என்றால், பலர் மறந்ததை அவர் மறக்கவில்லை என்று அர்த்தம்.

திருவாரூர், வக்கீல் குமாஸ்தா: ஓட்டுப் போட்டவரெல்லாம் பொறுப்பு என்றால், பஸ்ஸில் குண்டு வைப்பவனுக்கு அது வசதியாகப் போய்விடாதா?

போகும். உண்மையிலேயே போனது. அமெரிக்கர்கள் ஓட்டுப் போடுகிறார்கள், வரி கட்டுகிறார்கள், ஆகவே அவர்களைக் கொல்லலாம் என்று ஒசாமா பின்லேடன் வாதாடினார். பொறுப்பு என்றால் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், நஷ்டத்தில் பங்கு ஏற்க வேண்டும். உயிரைக் கொடுக்க வேண்டும் என்பது அதில் எங்குமே இல்லை. 1949 ஜெனீவா உடன்படிக்கை கூட்டுத் தண்டனையை நேரடியாகவே தடை செய்கிறது. அப்புறம், அந்த பஸ்ஸில் குழந்தை இருக்கும், போரை எதிர்த்து ஓட்டுப் போட்டவர் இருப்பார். இந்த ஒரு இடத்தில் நான் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாகூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டேன். கை கழுவிவிடலாமா?

சுமை குறையும், தீராது. வரி கட்டுகிறோம் அல்லவா? போரில் வருகிற வெற்றியே உழவர் கலப்பை ஈன்ற பயன்தான் என்று சங்கப் புலவர் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் நேருக்கு நேர் சொன்னார், நிலவரியும் தள்ளுபடி வாங்கினார். ஓட்டே இல்லாத காலத்தில் இதைச் சொல்ல ஒருவருக்குத் துணிவு இருந்தது.

தஞ்சாவூர், ஆராய்ச்சி மாணவர்: அப்படியானால் 2010 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் ராஜபக்சவுக்கு ஓட்டுப் போட்ட சிங்களர் அனைவரும்?

தம்பி, அந்த வாக்குச் சீட்டை எடுத்துப் பார். பெரிய வேட்பாளர் இருவர்: போரை நடத்திய ஜனாதிபதி, போரை நடத்திய ராணுவத் தளபதி. வடக்கில் வாக்களித்த தமிழர்களில் பெரும்பாலோர் அந்தத் தளபதி பொன்சேகாவுக்குத்தான் போட்டார்கள். அதை வைத்து அவர்கள் போரை ஆதரித்தார்கள் என்று சொல்வாயா? சீட்டில் இல்லாத கேள்விக்கு ஓட்டு பதில் சொல்லாது. ஆகவே, தேர்தலுக்குப் பிறகு யார் வாய் திறந்தார், யார் மூடிக்கொண்டார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்கள் ஓடிக்கொண்டிருந்த 2009 மே 13 அன்று நாமும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்.

வேதாரண்யம், ஒரு தாய்: என் மகன் ராணுவத்தில் இருக்கிறான். போர் வேண்டாம் என்று நான் பேசினால் அவனைக் கைவிட்ட மாதிரி ஆகாதா?

ஆகாது அம்மா. நம் நாட்டில் வெளிநாட்டுக்குப் படை அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் கட்டாயம் இல்லை, அமைச்சரவை முடிவெடுத்தால் போதும். அதனால் வெளியே எழும் குரலுக்குத்தான் அங்கே எடை. 2003-இல் ஈராக்குக்கு இந்தியப் படை வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. ஏப்ரலிலேயே நம் நாடாளுமன்றம் அந்தப் போரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டிருந்தது, கட்சிகளும் மக்களும் எதிர்த்தார்கள். ஜூலையில் வாஜ்பாய் அரசு மறுத்துவிட்டது. உங்கள் மகனைப் போன்ற ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்தப் பாலைவனத்துக்குப் போகாமல் இருந்தது அப்படித்தான்.